எந்தப் பெரிய பிக்கப் வாங்குவது? கோயில் வாகன நிறுத்தத்தில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

ஹூஸ்டனை அடுத்த பியர்லாந்தில் மீனாட்சி கோயிலுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில், சாமி கும்பிட்டு வெளியே வந்ததும் யாராவது ஒருவர் என் டிரக்கைச் சுற்றி ஒரு வலம் வருவார். டயரை ஒரு தட்டு தட்டுவார். பிறகு, "அண்ணா, ஃபோர்டா, ஷெவியா, ராமா, டொயோட்டாவா?" என்று தொடங்குவார். நான் கார் விற்பவன் அல்ல. பதினைந்து ஆண்டுகளாக டெக்சஸில் டிரக் ஓட்டி, இழுத்து, சில தவறுகளைச் சொந்தக் காசில் செய்தவன். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன்.

போட்டியில் இருப்பவை எவை?

ஃபோர்ட் எஃப்-150, ஷெவி என்று சுருக்கி அழைக்கும் ஷெவர்லேயின் சில்வராடோ 1500, அதன் உடன்பிறப்பான ஜிஎம்சி சியரா 1500, ராம் 1500, டொயோட்டா டண்ட்ரா. நிசான் டைட்டன் 2024 மாடலோடு விடைபெற்றுவிட்டது. சில்வராடோவும் சியராவும் ஒரே சமையலறையில் செய்த இரண்டு சாம்பார். சியராவின் பின்கதவு பல விதமாக மடியும், உள்ளே கொஞ்சம் கூடுதல் மினுக்கு, அதற்கேற்ற விலை.

'அரை டன்' டிரக் என்கிறார்களே, அரை டன்தான் சுமக்குமா?

அது பழைய காலத்துப் பெயர், ஒட்டிக்கொண்டுவிட்டது. எஃப்-150, 1500 என்றால் அரை டன். 250, 2500 என்றால் முக்கால் டன். 350, 3500 என்றால் ஒரு டன். இன்று அரை டன் டிரக்குகளில் பெரும்பாலானவை 1,400 முதல் 1,900 பவுண்டு வரை சுமக்கும். உங்கள் டிரக் எவ்வளவு சுமக்கும் என்பதற்கு இந்த எண்களிடம் விடை இல்லை. அது டிரக்கின் கதவில் இருக்கிறது. கீழே வருகிறேன்.

எனக்கு உண்மையிலேயே டிரக் வேண்டுமா?

ஆண்டுக்கு மூன்று முறை சோபா தூக்கவும் இரண்டு முறை தோட்ட மண் ஏற்றவும் என்றால் வேண்டாம். பெரிய கட்டுமானப் பொருள் கடைகள் பிக்கப்பை மணிக்கணக்கில் வாடகைக்குத் தருகின்றன. டிரெய்லர், படகு, தொழில் உபகரணம், பண்ணை நிலம் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தால் மேலே படியுங்கள். "ஆசையாக இருக்கிறது" என்பதும் நேர்மையான காரணம்தான். அதை மனைவியிடம் அப்படியே சொல்லிவிடுவது நல்லது. மண் ஏற்ற வேண்டும் என்று சொல்லி வாங்கினால் வாழ்நாள் முழுக்க மண் ஏற்ற வேண்டியிருக்கும்.

விளம்பரத்தில் 13,000 பவுண்டு இழுக்கும் என்கிறார்கள். எங்கள் கேம்பிங் டிரெய்லர் 7,000 பவுண்டுதான். எந்த டிரக்கும் போதும் அல்லவா?

போதாது. அரை டன் டிரக் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால், கதவு வந்து பொருந்தும் தூணில் மஞ்சள் பட்டையோடு ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். பயணிகளும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவை, இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். அதுதான் அந்தக் குறிப்பிட்ட டிரக்கின் சுமைத்திறன், அதாவது பேலோட். மாடலுக்குப் பொதுவான எண் அல்ல. தொழிற்சாலையில் அந்த டிரக்கில் என்னென்ன பொருத்தினார்களோ அவற்றின் எடையைக் கழித்த பிறகு மிஞ்சுவது. கண்ணாடிக் கூரை, தானாக மடியும் கால்படி, பெரிய சக்கரம் எல்லாம் சேரச் சேர இந்த எண் இறங்கும். ஒரே கடையில், ஒரே பெயருள்ள இரண்டு டிரக்குகளுக்கு நடுவே நூற்றுக்கணக்கான பவுண்டு வித்தியாசம் இருக்கும். விலை உயர்ந்த டிரக் பெரும்பாலும் குறைவாகவே சுமக்கும். சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால் கடையில் நின்று கதவைத் திறந்து காட்டுகிறேன்.

இனி கணக்கு. டிரெய்லரின் எடை முழுவதும் அதன் சொந்தச் சக்கரங்களில் இறங்குவதில்லை. 10 முதல் 15 சதவீதம் உங்கள் டிரக்கின் கொக்கியின்மேல் உட்காரும். 7,000 பவுண்டு டிரெய்லருக்கு 13 சதவீதம் என்று வைத்தால் 910 பவுண்டு. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள்: 445. ஐஸ் பெட்டி, சைக்கிள், அரிசி மூட்டை, குக்கர்: 150. எடையைப் பகிர்ந்தளிக்கும் கொக்கிச் சட்டம்: 90. கூட்டினால் 1,595. ஸ்டிக்கரில் 1,520 என்று இருந்தால், வீட்டு வாசலைத் தாண்டும் முன்பே வரம்பை மீறிவிட்டீர்கள். இத்தனைக்கும் அந்த டிரக்கின் இழுவை எண் 11,000 என்று விளம்பரத்தில் பளபளத்துக்கொண்டிருக்கும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் இன்னொரு 270. அவர்களை விட்டுவிட்டுப் போகவும் முடியாது.

டிரெய்லர் விளம்பரத்தில் இருப்பது வெறும் டிரெய்லரின் எடை என்பதையும் நினைவில் வையுங்கள். தண்ணீர், எரிவாயு, பேட்டரி, பாத்திரம், துணிமணி எல்லாம் சேர்ந்தால் 1,000 பவுண்டு கூடுவது சாதாரணம். நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தங்களில் எடைமேடை இருக்கிறது. முதல் பயணத்துக்கு முன் முழுச் சுமையோடு ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். நான் ஏற்றிப் பார்த்த அன்று, சீட்டில் வந்த எண்ணைக் கண்டு மௌனமாக வீட்டுக்கு வந்து, டிரக்கின் பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டியிலிருந்த விறகு முழுவதையும் இறக்கி வைத்தேன்.

அப்படியானால் இழுவைத்திறன் எண் பொய்யா?

பொய் அல்ல. ஜே2807 என்று வாகனப் பொறியாளர் சங்கம் வகுத்த ஒரு சோதனை முறை இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் அணை அருகே 11.4 மைல் நீளமுள்ள ஏற்றம் அதற்கு அளவுகோல். கடும் வெயிலில், ஏசியை முழுவதும் திறந்துவிட்டு, மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏறி முடிக்க வேண்டும். டொயோட்டா முதலில் இதை ஏற்றது. மற்றவர்கள் சில ஆண்டுகள் இழுத்தடித்துப் பின்னர் வந்தார்கள். சோதனையில் டிரக்கில் இருப்பது தலா 150 பவுண்டு கணக்கில் ஓட்டுநரும் இன்னொருவரும் மட்டும். குழந்தையும் இல்லை, குக்கரும் இல்லை. விளம்பரத்தில் வரும் உச்ச எண் ஏதோ ஒரு குறிப்பிட்ட எஞ்சின், ஒரு குறிப்பிட்ட பின் அச்சு விகிதம், இழுவைத் தொகுப்பு ஆகியவை சேர்ந்த ஒரே ஒரு வகைக்கு உரியது. நீங்கள் வாங்கப்போவது அநேகமாக அது அல்ல.

வி8 வாங்குவதா, டர்போ வி6 வாங்குவதா?

இதைக் கேட்டால் டெக்சஸில் ஒரு மாலைப்பொழுது போய்விடும். வி8 என்றால் எட்டு சிலிண்டர் எஞ்சின், வி6 என்றால் ஆறு; டர்போ என்பது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளித் திறனைக் கூட்டும் கருவி.

எஃப்-150-இல் நான்கு வழிகள்: 2.7 லிட்டர் டர்போ வி6 (325 குதிரைத்திறன்), 5.0 லிட்டர் வி8 (400), 3.5 லிட்டர் இரட்டை டர்போ (400), அதே 3.5 லிட்டரோடு மின்மோட்டார் சேர்ந்த ஹைபிரிட் (430). காகிதத்தில் வி8-க்கும் 3.5 டர்போவுக்கும் ஒரே குதிரைத்திறன். டிரெய்லர் இழுக்கும்போது மட்டும் வேறுபாடு தெரியும்: முறுக்குவிசை, அதாவது எஞ்சின் சுழற்றும் வலு, வி8-இல் 410 பவுண்டு-அடி, டர்போவில் 500, அதுவும் குறைந்த சுழற்சியிலேயே கிடைக்கும். மேட்டில் வி8 கத்திக்கொண்டே ஏறும்; டர்போ முனகாமல் ஏறும். பெரிதாக எதுவும் இழுக்காதவருக்கு 2.7 தாராளமாகப் போதும். பலரும் தாண்டிப்போகும் நல்ல எஞ்சின் அது.

சில்வராடோவில் நான்கு சிலிண்டர் 2.7 டர்போ என்றதும் முகம் சுளிப்பார்கள். அதன் முறுக்குவிசை 430; பக்கத்தில் நிற்கும் 5.3 லிட்டர் வி8-க்கு 383தான். இருந்தும் மனசு வி8 சத்தத்தின் பக்கமே சாய்கிறது. என் மனசும் அப்படித்தான்.

ராம் கதை சுவையானது. 2025 மாடலில் 5.7 லிட்டர் ஹெமி வி8-ஐத் தூக்கிவிட்டு, ஹரிக்கேன் என்ற 3.0 லிட்டர் இரட்டை டர்போ ஆறு சிலிண்டரை வைத்தார்கள். 420 குதிரைத்திறன், உயர்வகையில் 540; எப்படிப் பார்த்தாலும் ஹெமியின் 395-ஐவிடச் சிறந்தது. வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். 2026 மாடலில் ஹெமி திரும்பி வந்தது, பக்கவாட்டில் எதிர்ப்புச் சின்னம் என்று ஒரு முத்திரையோடு. திறன் குறைந்த எஞ்சினை ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கும் நாடு இது.

டண்ட்ராவில் 2022 முதல் வி8 கிடையாது. இரட்டை டர்போ வி6 மட்டும், அல்லது அதன் ஹைபிரிட்: 437 குதிரைத்திறன், 583 முறுக்குவிசை.

டொயோட்டா என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

பழைய டண்ட்ராவின் 5.7 வி8-க்கு அப்படிச் சொல்லியிருப்பேன். புதியது வந்த பிறகு நிலைமை மாறியது. எஞ்சினுக்குள் தயாரிப்பின்போது வெட்டிய உலோகத் துகள் தங்கிவிட்டது என்று 2024 மே மாதத்தில் சுமார் 1,02,000 வண்டிகளை, 2022, 2023 மாடல் டண்ட்ராக்களையும் லெக்ஸஸ் எல்எக்ஸ்களையும், டொயோட்டா திரும்ப அழைத்தது (ரீகால்). எஞ்சினையே மாற்றிக் கொடுத்தார்கள். 2025 நவம்பரில் இன்னும் சுமார் 1,27,000 வண்டிகள் பட்டியலில் சேர்ந்தன.

மற்றவர்களும் யோக்கியர்கள் அல்லர். ஷெவியையும் ஜிஎம்சியையும் தயாரிக்கும் ஜிஎம் நிறுவனம் 2025 ஏப்ரலில் 6.2 லிட்டர் வி8 பொருத்திய, 2021 முதல் 2024 வரையிலான சுமார் ஆறு லட்சம் வண்டிகளை அழைத்தது. கிராங்க் தண்டிலும் இணைப்புத் தண்டுகளிலும் குறை. சோதனையில் தேறிய எஞ்சின்களுக்குத் தந்த தீர்வு, கெட்டியான 0டபிள்யூ-40 எண்ணெய். ஃபோர்ட் 2025-இல் ஓராண்டில் மிக அதிகமான ரீகால்கள் செய்த நிறுவனம் என்ற பெயரை எடுத்தது.

பழைய டிரக் வாங்குவோர் செய்ய வேண்டியது: முன்கண்ணாடியின் இடது கீழ்மூலையில் உள்ள 17 இலக்க வின் எண்ணை, அதாவது வண்டியின் அடையாள எண்ணை, அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். இலவசம். திறந்த ரீகால் இருந்தால் அதைச் சரிசெய்த ரசீதைக் கேளுங்கள். "மாற்றிவிட்டோம்" என்ற வாய்ச்சொல் ரசீது ஆகாது.

டீசல்?

சில்வராடோ, சியராவின் 3.0 லிட்டர் டீசல் அருமையான எஞ்சின். 305 குதிரைத்திறன், 495 முறுக்குவிசை, நெடுஞ்சாலையில் காலனுக்கு 25 மைலுக்கு மேல். நீண்ட தூரம் போகிறவர்களுக்கு மட்டும். பள்ளி, மளிகை, கோயில் என்று ஐந்தைந்து மைல் ஓட்டினால் புகை வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நேரம் கிடைக்காமல் அடைத்துக்கொள்ளும்.

எது சொகுசு?

ராம். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஃபோர்டும் ஷெவியும் பின்னால் பட்டை ஸ்பிரிங் வைக்கின்றன, லாரி போல. ராம் 2009 மாடலிலேயே சுருள் ஸ்பிரிங்குக்கு மாறியது. டண்ட்ராவும் 2022-இல் மாறியது. காலித் தொட்டியோடு பாலத்தின் இணைப்புகளைத் தாண்டும்போது இடுப்பு அதை உணரும். ராமில் காற்று சஸ்பென்ஷன் வாங்கினால், ஏறி இறங்கும்போது வண்டி சுமார் 2 அங்குலம் தாழ்ந்து கொடுக்கும். சுமைத்திறனில் ராம் பொதுவாகக் கொஞ்சம் பின்தங்கும். மெத்தைக்குக் கொடுக்கும் விலை.

ஃபோர்டின் அலுமினியம் நசுங்கிவிடாதா?

2015 மாடல் முதல் எஃப்-150-இன் உடல் அலுமினியம், அடிச்சட்டம் எஃகுதான். துருப்பிடிக்காது, உப்புத் தூவும் வடமாநிலங்களில் அது பெரிய வரம். ஷெவி அப்போது அலுமினியத் தொட்டியில் கற்களைக் கொட்டி ஓட்டை விழுவதைக் காட்டி விளம்பரம் எடுத்தது. நீங்கள் கருங்கல் கொட்டுபவராக இருந்தால் கவலைப்படலாம். இல்லையென்றால் உள்ளே ரப்பர் பூச்சு அடித்துவிட்டு மறந்துவிடுங்கள். டண்ட்ராவின் தொட்டி கலவைப் பிளாஸ்டிக். அதற்குப் பூச்சும் வேண்டாம்.

கேரேஜில் நிற்குமா?

நான்கு பெரிய கதவுகள், ஐந்தரை அடித் தொட்டி உள்ள வகைதான் அதிகம் விற்பது. நான்கு நிறுவனங்களிலும் அதன் நீளம் 232 முதல் 234 அங்குலம், அதாவது 19 அடி 4 முதல் 6 அங்குலம். நம் புறநகர் வீடுகளின் கேரேஜ் பெரும்பாலும் 20 அடி ஆழம். அலமாரி, பழைய ஃபிரிட்ஜ், அட்டைப்பெட்டிகள் இருந்தால் கதை முடிந்தது. கடைக்குப் போகும் முன் டேப் எடுத்து அளந்துவிடுங்கள்.

தொட்டியில் எட்டடி ஒட்டுப்பலகை படுக்குமா என்றும் கேட்பார்கள். அகலத்தில் படுக்கும், சக்கர மேடுகளுக்கு நடுவே நான்கடிக்கு மேல் இடம் எல்லாவற்றிலும் உண்டு. நீளத்தில் வெளியே நீட்டும். பின்கதவை இறக்கி வைத்து, கயிறு கட்டி, சிவப்புத் துணி தொங்கவிட்டு ஓட்ட வேண்டும்.

நான்கு சக்கர இயக்கம் தேவையா?

டெக்சஸ் சமவெளியில் தார்ச்சாலை மட்டும் என்றால் தேவையில்லை. ஈரமான படகுத்துறைச் சரிவு, சேறு, பனி என்றால் தேவை. வாங்கினால், தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரமும் தானே இயங்கும் தானியங்கி நிலை இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத வகையில் காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கரத்தைப் போட்டு ஓட்டினால் திருப்பங்களில் வண்டி முரண்டு பிடித்து, பல்சக்கரங்கள் தேயும்.

டிரக்கிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுக்கலாம் என்கிறார்களே?

எஃப்-150 ஹைபிரிட்டில் 2.4 கிலோவாட் மின்வசதி அடிப்படையாகவே வரும், 7.2 கிலோவாட் கூடுதல் விலைக்கு. 2021 பிப்ரவரியில் டெக்சஸ் உறைந்து மின்சாரம் நின்றபோது, கையிலிருந்த இந்த டிரக்குகளை மக்களுக்குக் கொடுத்து உதவும்படி ஃபோர்ட் தன் டீலர்களைக் கேட்டுக்கொண்டது. 2024 ஜூலை 8 அன்று பெரில் புயல் ஹூஸ்டனைத் தாக்கி இருபது லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகள் இருண்டபோது, எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் ஃபிரிட்ஜ் ஓடியது. அங்கே நின்ற எஃப்-150 ஹைபிரிட்டின் தொட்டியிலிருந்து ஆரஞ்சு நிறக் கம்பி ஒன்று புல்வெளியைத் தாண்டி அவர்கள் வீட்டுச் சமையலறைக்குள் போயிற்று. இன்னொன்று எங்கள் வீட்டுக்கு வந்தது. அரைத்து வைத்த இட்லி மாவு பிழைத்தது. மூன்றாம் நாள் இரண்டு வீட்டுக்கும் அதில்தான் இட்லி. ஹைபிரிட்டுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா என்று யாராவது கேட்டால், நான் முதலில் மைலேஜைச் சொல்வதில்லை.

ஓர் எச்சரிக்கை: மூடிய கேரேஜுக்குள் வைத்து ஓட்டாதீர்கள். புகை உயிரை எடுக்கும்.

முழு மின்சார டிரக்?

நகர ஓட்டத்துக்கு இனிமையானது. கனமான டிரெய்லரை மாட்டினால் ஓடும் தூரம் ஏறக்குறையப் பாதியாகும். 2025 டிசம்பரில் ஃபோர்ட், முழு மின்சார எஃப்-150 லைட்னிங்கின் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. சில்வராடோவின் மின்சார வகை இருக்கிறது. இழுக்காதவர் பார்க்கலாம்.

ஊரில் ஹைலக்ஸ் கிடைக்கிறது. இங்கே ஏன் இல்லை?

கோழிதான் காரணம். 1960-களின் தொடக்கத்தில் ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கு வரி போட்டது. பதிலடியாக, வெளிநாட்டில் தயாரான சிறு டிரக்குகளுக்கு 25 சதவீத வரியை 1964-இல் அமெரிக்கா கொண்டுவந்தது. கோழிச் சண்டை முடிந்துவிட்டது, வரி முடியவில்லை. டொயோட்டா அதனால்தான் டண்ட்ராவை டெக்சஸின் சான் அன்டோனியோவிலேயே தயாரிக்கிறது. அதன் ஓர் உயர்வகைக்கு 1794 என்று பெயர். ஆலை நிற்கும் நிலத்தில் அந்த ஆண்டு தொடங்கிய பண்ணையின் நினைவாக.

வரிச்சலுகை உண்டா?

சொந்தத் தொழிலுக்குப் பாதிக்கு மேல் பயன்படுத்தினால், வாங்கிய ஆண்டிலேயே விலையைச் செலவாகக் கழிக்க வரிச் சட்டத்தின் 179-ஆம் பிரிவு இருக்கிறது. வண்டியும் அதன் முழுச் சுமையும் சேர்ந்த மொத்த எடைத் தகுதி 6,000 பவுண்டைத் தாண்ட வேண்டும். தொட்டியின் உள்நீளம் ஆறடிக்குக் குறைந்தால் அந்தப் பிரிவில் கழிவுக்கு உச்சவரம்பு உண்டு. அதனால்தான் ஒப்பந்தக்காரர்கள் ஆறரை அடித் தொட்டி கேட்பார்கள். 2025 ஜனவரி 19-க்குப் பிறகு வாங்கியவற்றுக்கு முழு விலையையும் முதல் ஆண்டே கழிக்கும் தேய்மானச் சலுகை திரும்பியதால், இந்த ஆறடி இப்போது முன்போல் கடிக்காது.

சொந்த உபயோகத்துக்கு: 2025 முதல் 2028 வரை, அமெரிக்காவில் தயாரான புது வண்டிக் கடனின் வட்டியில் ஆண்டுக்கு 10,000 டாலர் வரை கழிக்கலாம். தனிநபர் வருமானம் ஒரு லட்சத்தையும், தம்பதியர் வருமானம் இரண்டு லட்சத்தையும் தாண்டினால் சலுகை குறையத் தொடங்கும். சில்வராடோ இந்தியானாவிலும் தயாராகிறது, கனடாவிலும் மெக்சிகோவிலும் தயாராகிறது. வின் எண் 1, 4 அல்லது 5-இல் தொடங்கினால் அமெரிக்கா, 2 கனடா, 3 மெக்சிகோ.

பேரம் எப்படி?

மாதத் தவணையைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள். வரி, பதிவு, ஆவணக் கட்டணம், டீலர் தலையில் கட்டும் நைட்ரஜன் காற்று எல்லாம் சேர்த்து வாசலைத் தாண்டும் விலை என்ன என்று எழுத்தில் கேளுங்கள். டெக்சஸில் வாகன விற்பனை வரி 6.25 சதவீதம். டிரக் விலை 40,000 டாலர் அருகே தொடங்கி 80,000-ஐத் தாண்டும். ஆண்டு இறுதியில், அடுத்த மாடல் வந்து நின்ற பிறகு, பழைய மாடலுக்குத் தள்ளுபடி இளகும். நான் ஒருமுறை ஒரு டீலரிடம் தவணைக் கணக்கில் மயங்கிக் கையெழுத்திட்டு, 84 மாதக் கடன் என்பதை வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன்.

சுற்றி வளைக்காமல் பெயரைச் சொல்லுங்கள்.

அடிக்கடி 6,000 பவுண்டுக்கு மேல் இழுப்பவர்: எஃப்-150, 3.5 டர்போ, ஸ்டிக்கரில் 1,800-க்கு மேல் உள்ளதைத் தேடிப் பிடியுங்கள். புயல் பயம் உள்ளவர்: அதன் ஹைபிரிட், 7.2 கிலோவாட்டோடு. டல்லாஸுக்கும் ஹூஸ்டனுக்கும் வாரந்தோறும் ஓடுபவர்: சில்வராடோ டீசல். குடும்ப வண்டி, இழுப்பது அரிது: ராம், ஹரிக்கேன் எஞ்சின். டண்ட்ராவை, இன்னும் இரண்டு ஆண்டு பொறுத்துப் பார்த்து வாங்குவேன். டிரெய்லர் 9,000 பவுண்டைத் தொட்டால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு முக்கால் டன் டிரக் பார்க்கப் போங்கள்.

நீங்கள் எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?

ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். கடைக்குக் கூட்டிப்போனேன். புடவையோடு முதல் டிரக்கில் ஏற மூன்று முறை முயன்றுவிட்டு, "இது மாட்டு வண்டியைவிட உயரமாக இருக்கிறதே" என்று இறங்கிவிட்டார். இரண்டாவதில் கால்படி இருந்தும் கைப்பிடி எட்டவில்லை. மூன்றாவதில் ஏறி உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடித்துச் சம்மணம் போட்டுக்கொண்டார். நான் கதவுத் தூணில் ஸ்டிக்கரைப் பார்த்தேன்: 1,740. அதையே வாங்கினேன். கேரேஜில் நிறுத்தினால் பம்பருக்கும் கதவுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. சுவரில் தொங்கிய ஏணி அன்று வெளியே போனது, இன்றுவரை வேலியோரம் மழையில் நனைந்துகொண்டு நிற்கிறது.